கண்ணுக்குள் இருப்பவள்

பசிபிக் தீவுகளின் கதை: 23

சென்ற வாரம் 1918-இல் நிறுத்தியிருந்தோம். நவம்பர் 7-ஆம் தேதி ஆக்லாந்திலிருந்து 'தலூன்' கப்பல் விஷக்காய்ச்சலைச் சுமந்துகொண்டு ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. சில வாரங்களில் மேற்குச் சமோவாவில் ஐந்தில் ஒருவர், ஏறத்தாழ 8,500 பேர், மாண்டுபோனார்கள். கப்பலைத் தடுத்து நிறுத்தத் தவறியது அன்று அந்தத் தீவுகளை ஆண்ட நியூஸிலாந்து நிர்வாகம். ஒரு தலைமுறை கழித்து, பிழைத்தவர்களின் பிள்ளைகள் வேலை தேடிப் போனதும் அதே நியூஸிலாந்துக்குத்தான். அவர்கள் கொண்டுபோன பெட்டிகளில் பலவற்றில் சமோவ மொழி பைபிளும், பட்டுப் போல மெல்லியதாக நெய்த ஒரு பாயும் இருந்தன. இந்த அத்தியாயம் அந்த இரண்டையும் பற்றியது. அவற்றோடு கடல் கடந்த, வெளியே தெரியாத ஒரு காயத்தையும் பற்றியது.

இதை எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. தீவு மக்களைப் பற்றி வெளியார் எழுதிய புத்தகங்களைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். ஒன்று, காதில் பூச்சூடிக் கடற்கரையில் ஆடும் வெகுளிகளாக அவர்களைக் காட்டுவார்கள். இல்லையென்றால் குடித்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளை அடிக்கும் முரடர்களாகக் காட்டுவார்கள். இரண்டுமே அவமதிப்பு. ஆனால் குடும்பத்துக்குள் நடக்கும் அடியைப் பற்றிச் சமோவப் பெண்களும், சமோவப் போதகர்கள் சிலரும் தாங்களே வாய்திறந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் நாமும் உள்ளே போகிறோம்.

முதலில் அக்கா தங்கையிடமிருந்து தொடங்க வேண்டும்.

பழைய சமோவக் குடும்பத்தில் மிகப் புனிதமான உறவு கணவன் மனைவி உறவு இல்லை, அண்ணன் தங்கை உறவு. அதற்கு 'ஃபெயங்காயிங்கா' என்று பெயர். உடன்படிக்கை என்று பொருள். சகோதரி தன் சகோதரனின் கண்ணுக்குள் இருப்பவள் என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. வயதுக்கு வந்த பையன் தங்கை தூங்கும் வீட்டில் படுக்கக் கூடாது. அவள் காதுபட ஒரு கெட்ட வார்த்தை பேசக் கூடாது. குடும்பத்துக்கு வரும் நல்ல மீனில், நல்ல பாயில் அவளுக்குப் பங்கு உண்டு. அவள் வயிறெரிந்து சாபமிட்டால் அண்ணன் வம்சம் தழைக்காது என்ற அச்சம் உண்டு. அவளை யாராவது அவமதித்தால் அண்ணன் உயிரைக் கொடுத்துப் போராடுவான்.

அதே பெண் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போனதும் அவள் பெயரே மாறிவிடுகிறது. 'நோஃபொதானே' என்பார்கள், கணவன் வீட்டில் குடியிருப்பவள் என்று. அங்கே புனிதமானவள் அவளுடைய நாத்தனார். இவள் சமைக்க வேண்டும், பரிமாற வேண்டும், தலை குனிந்து நடக்க வேண்டும். தங்கைக்காகச் சாகத் துணிந்த அதே கை மனைவியின் மேல் ஓங்கப்படலாம். அதில் எந்த முரண்பாட்டையும் ஊர் பார்க்காது, ஏனென்றால் அந்த மனைவி வேறொருவனின் தங்கை. அவளைக் காக்க வேண்டியவன் அந்த வேறொருவன்.

இதில் ஒரு காப்பும் இருந்தது. அடி தாங்காதபோது அவள் பிறந்த வீட்டுக்கு நடந்துவிடலாம். அந்த வாசலை மிதித்த கணமே அவள் மறுபடியும் சகோதரி, மறுபடியும் புனிதமானவள். கல்யாணங்கள் எளிதாகக் கலைந்த காலம் அது. பழங்காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. மனைவியாக மட்டும் இருந்தவளுக்கு அந்த ஏற்பாடு அன்றும் கொடியதுதான். ஆனால் வெளியேறும் வழி என்று ஒன்று அன்று இருந்தது.

1830 ஆகஸ்டில் சவாயி தீவின் சபபாலீ கிராமத்தில் லண்டன் மிஷன் சங்கத்தின் ஜான் வில்லியம்ஸ் வந்திறங்கினார். நாகர்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு இந்தச் சங்கத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சார்லஸ் மீடை அங்கே அனுப்பியதும் இதே சங்கம்தான். வில்லியம்ஸின் கப்பலில் ஃபவேயா என்ற சமோவரும் அவர் மனைவி புவாசெய்செய்யும் இருந்தார்கள். டோங்காவில் ஏறிய இவர்கள்தான் வெள்ளைக்காரரின் மதத்தை உள்ளூர் நாகரிகத்துக்கு ஏற்பப் பேசிப் புரியவைத்தவர்கள். அந்த வேளையில் தலைவர் மாலியெதோவா வைனுபோ போரில் இருந்தார். வானத்திலிருந்து உனக்கு ஓர் அரசு வரும் என்று போர்த்தெய்வம் நஃபனுவா அவருடைய வம்சத்துக்கு முன்பே வாக்குச் சொல்லியிருந்ததாக மக்கள் நம்பினார்கள். அந்த வாக்கு இப்போது நிறைவேறியதாகவே கண்டார்கள். வில்லியம்ஸ் எட்டு ஆசிரியர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டார். அந்த எட்டுப் பேரும் வெள்ளையர் இல்லை, பிற பசிபிக் தீவுக்காரர்கள். 1844-இல் மாலுவாவில் இறையியல் கல்லூரி எழுந்தது. 1855-இல் முழு பைபிளும் சமோவ மொழியில் கைக்கு வந்தது. இவ்வளவு வேகமாக ஒரு மதத்தைத் தன் தோலாகவே மாற்றிக்கொண்ட சமூகங்கள் உலகில் குறைவு.

இந்த இடத்தில் நடந்த ஒரு சிறிய மாற்றத்தை வரலாற்று நூல்கள் பலவும் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அதுவே இந்தக் கதையின் திருகாணி. கிராமத்துக்கு வந்த போதகரை எந்த இடத்தில் உட்காரவைப்பது என்ற கேள்வி எழுந்தது. அவர் தலைவரும் இல்லை, ஊரின் மகனும் இல்லை. சமோவர்கள் தங்களிடம் இருந்த மிக உயர்ந்த, மிகப் புனிதமான இடத்தை எடுத்து அவருக்குக் கொடுத்தார்கள். அது சகோதரியின் இடம். ஊருக்கும் போதகருக்கும் இடையில் உடன்படிக்கை என்றார்கள். போதகரையே 'ஃபாஃபெயங்காயிங்கா' என்று அழைத்தார்கள். நல்ல மீன் அவர் வீட்டுக்குப் போனது. வீடு ஊரார் கட்டித் தந்தது. லண்டன் மிஷன் வழிவந்த சபையில் இன்றும் போதகருக்குச் சம்பளம் கிடையாது. சபையாரின் காணிக்கைதான் அவர் சோறு.

மரியாதையின் உச்சமாகச் செய்யப்பட்ட காரியம் இது. அதன் விலையைப் பெண் கொடுத்தாள். சகோதரியைச் சுற்றி இருந்த தெய்வ அச்சத்தில் ஒரு பங்கு போதகரின் அங்கிக்கு இடம் மாறியது. கூடவே மிஷனரிகள் வேறொரு பாடத்தையும் சொல்லித் தந்தார்கள்: திருமணம் கடவுள் இணைத்தது, மனிதன் பிரிக்கக் கூடாது, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். மனைவிக்கு இதனால் கௌரவம் கூடியது என்பதும் உண்மை. போதகரின் மனைவி ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தலைவியானாள். ஆனால் அடிபட்டவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பும் பாதையில் இப்போது ஒரு வேதவசனம் குறுக்கே நின்றது.

அப்படியும் கிராமத்தில் ஒரு பாதுகாப்பு மிச்சமிருந்தது. சமோவ வீட்டுக்குச் சுவர் கிடையாது. தூண்கள், கூரை, மழை வந்தால் இறக்கிவிடும் ஓலைத் தட்டி, அவ்வளவுதான். அங்கே அறை விழுந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். மாத்தாய் எனப்படும் குடும்பத் தலைவர் எழுந்து வருவார். கிராம சபை அபராதம் விதிக்கும். அண்ணன் அடுத்த கிராமத்தில்தான் இருப்பான்.

1950-களில் நியூஸிலாந்தின் தொழிற்சாலைகளுக்குக் கை பற்றவில்லை. ஆக்லாந்தின் போன்சன்பி, கிரே லின் தெருக்களில் பழைய மரவீடுகளில் சமோவர்கள் குடியேறினார்கள். பிறகு அரசு கட்டிய குடியிருப்புகளுக்காக ஒத்தாரா, மாங்கெரே, வெலிங்டனுக்கு அருகே போரிருவா என்று பரவினார்கள். 1962 ஜனவரி 1 அன்று மேற்குச் சமோவா சுதந்திரம் பெற்றபின் பயணம் இன்னும் கூடியது. 2018 கணக்கெடுப்பில் நியூஸிலாந்தில் தங்களைச் சமோவர் என்று பதிந்தவர்கள் 1,82,721 பேர். தாய்நாட்டின் மக்கள்தொகையே அப்போது இரண்டு லட்சம்தான்.

புதிய ஊரில் அவர்கள் முதலில் கட்டியது கோயிலை. 1947-இலேயே ஆக்லாந்தின் நியூட்டன் பகுதியில் பசிபிக் தீவினருக்கான சபை தொடங்கிவிட்டது. வேலை எங்கே கிடைக்கும், வாடகைக்கு எந்த வீட்டுக்காரர் தருவார், ஆங்கிலத்தில் வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் மக்கள் போன இடம் சபைதான். பிள்ளைகள் தாய்மொழியில் எழுத்துக்கூட்டக் கற்றது ஞாயிறு வகுப்பில். தொழிற்சாலையில் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மேற்பார்வையாளரிடம் ஆறு நாள் நின்ற மனிதன் ஏழாம் நாள் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் சுற்றும் லாவாலாவாவும் உடுத்தி மூப்பனாகத் தலைநிமிர்ந்து நடந்தது அந்த வாசலில்தான். சபை இல்லாமல் அந்த மக்கள் அங்கே மக்களாக நின்றிருக்க மாட்டார்கள். அடுத்து வரும் பத்திகளைப் படிக்கும்போது இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் போரிருவாவின் வீட்டுக்குச் சுவர் இருந்தது. குளிருக்குச் சாத்திய கதவும் கண்ணாடி ஜன்னலும் இருந்தன. உள்ளே விழும் அடி பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும், பக்கத்து வீட்டுக்காரர் சமோவர் இல்லை. மாத்தாய் ஊரில் இருந்தார். அண்ணன் ஊரில் இருந்தான், அல்லது ஆஸ்திரேலியாவிலோ கலிஃபோர்னியாவிலோ இருந்தான். பிறந்த வீட்டுக்கு நடந்து போக வழியில்லை; நடுவில் கடல். அவள் போய்ப் பேசக்கூடிய ஒரே வீடு போதகரின் வீடு. அந்தப் போதகரோ, பழைய உடன்படிக்கையில் அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருப்பவர். அவருடைய சோறு எந்தக் காணிக்கையிலிருந்து வருகிறதோ, அதில் கணவனுடையதும் உண்டு. கணவனே மூப்பனாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பொறுத்துப் போ, ஜெபம் செய், குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்று என்ற பதிலோடு பல பெண்கள் திரும்பினார்கள்.

போலீசைக் கூப்பிடலாமே என்று தோன்றும். 1974 முதல் 1976 வரை நடந்ததைத் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது. பொருளாதாரம் சரிந்தபோது, விசா முடிந்தும் தங்கியவர்களைப் பிடிக்கிறோம் என்று நியூஸிலாந்து போலீஸ் விடியற்காலையில் தீவு மக்களின் வீடுகளுக்குள் நுழைந்தது. குழந்தைகள் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டார்கள். நடுத்தெருவில் தோலின் நிறத்தைப் பார்த்து நிறுத்திக் காகிதம் கேட்டார்கள். உண்மையில் விசா தாண்டித் தங்கியவர்களில் கணிசமானோர் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. அந்த ஆண்டுகளில் அடிபட்ட ஒரு பெண் போலீசுக்குத் தொலைபேசி செய்தால் கணவன் மட்டுமா போவான்? கூடத்தில் படுத்திருக்கும் மைத்துனனும் ஊரிலிருந்து வந்த பெரியம்மாவும் சேர்ந்து நாடு கடத்தப்படலாம். ஒரு தலைமுறைப் பெண்களின் வாயை அந்த விடியற்காலைகள் அடைத்தன என்பதே என் எண்ணம். வன்முறையின் காரணங்களைத் தீவு மக்களின் பண்பாட்டுக்குள் மட்டும் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பணமும் வீட்டுக்குள் நெருப்பை வைத்தது. ஊருக்கு அனுப்ப வேண்டும். சாவுக்கும் கல்யாணத்துக்கும், பட்டம் சூட்டும் சடங்குக்கும் கொடுக்க வேண்டும். 'ஃபாலவேலவே' என்ற இந்தக் கடமைக்கு மறுப்புச் சொல்ல முடியாது. சபைக்கும் கொடுக்க வேண்டும். பல சபைகளில் யார் எவ்வளவு தந்தார் என்று பெயர் சொல்லி எல்லார் முன்னிலும் வாசிப்பார்கள். கடன் வாங்கிக் காணிக்கை போட்ட குடும்பங்கள் உண்டு. இரண்டு ஷிஃப்ட் வேலை, கடன், குளிர், சில வீடுகளில் குடி. இவை அடிக்கும் கையை நியாயப்படுத்தாது. ஆனால் அந்தக் கை எந்த வீட்டில் ஓங்கியது என்பதையும் எழுதத்தானே வேண்டும்.

பிள்ளைகளின் கதை இன்னும் சிக்கலானது. அடிக்கு அங்கே 'சாசா' என்று பெயர். கருவி நம் வீடுகளிலும் மூலையில் சாத்தியிருக்கும் அதே தென்னை ஈர்க்கு விளக்குமாறு; அதை அவர்கள் 'சாலு' என்கிறார்கள். பிரம்பைக் கைக்கொள்ளாத தகப்பன் மகனைப் பகைக்கிறான் என்ற பொருளில் நீதிமொழிகள் நூலில் வரும் வசனத்தை அடிக்கும் பெற்றோர் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்கள் பிள்ளையை வெறுத்தவர்கள் இல்லை. தெருவில் கெட்டுப்போவான், வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் போல எதிர்த்துப் பேசுவான், நரகத்துக்குப் போவான் என்ற பயத்தில் அடித்தார்கள். அன்பு என்று நம்பியே அடித்தார்கள். அதனால்தான் அதைப் பற்றிப் பேசுவது அவ்வளவு கடினமாக இருந்தது. அக்டோபரின் இரண்டாம் ஞாயிறு குழந்தைகளின் திருநாள். வெள்ளை உடுத்திய பிள்ளைகள் கோயிலில் வசனம் சொல்வார்கள், நாடகம் போடுவார்கள். அன்று மட்டும் அவர்களுக்கு முதல் பந்தி, பெரியவர்கள் பரிமாறுவார்கள். ஆண்டின் மற்ற நாட்களில் வரிசை தலைகீழ்.

நியூஸிலாந்தின் 1961 குற்றச் சட்டத்தில் 59-ஆம் பிரிவு பெற்றோர் திருத்துவதற்காக 'நியாயமான அளவு' பலம் பயன்படுத்தலாம் என்று இடம் தந்திருந்தது. சூ பிராட்ஃபோர்ட் என்ற பசுமைக் கட்சி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 2007-இல் அந்த இடத்தை அடைத்தது. நாடே கொந்தளித்தது. 2009-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 87 சதவீதத்துக்கு மேல் புதிய சட்டத்துக்கு எதிரான பக்கம் நின்றார்கள். அடிக்கும் உரிமையைக் கேட்டவர்கள் தீவு மக்கள் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தீவுச் சபைகளிலும் எதிர்ப்பு பலமாக இருந்தது. பைபிளுக்கு எதிரான சட்டம் என்றார்கள்.

அந்தக் கூச்சலுக்கு முன்பே, 2005-இல், ஒரு சமோவப் போதகர் எதிர்த்திசையில் பேசியிருந்தார். நோவே வைலாவு. குழந்தைகளைப் பற்றிய ஓர் இறையியல் என்று தலைப்பிட்டு அவர் எழுதிய சிறுநூல், பிரம்பு வசனத்தை அடிப்பதற்கான உரிமமாகப் படிப்பது பிழை என்று வாதிட்டது. பழைய ஏற்பாட்டை இயேசு குழந்தைகளை நடத்திய விதத்தின் வெளிச்சத்தில் படிக்க வேண்டும் என்றது. பறவைக் குஞ்சுக்கு இரை ஊட்டுவார்கள், மனிதக் குழந்தைக்குச் சொல் ஊட்டுவார்கள் என்பது சமோவர்களின் பழமொழி. அப்படிச் சொன்ன முன்னோரின் பிள்ளைகள் விளக்குமாற்றைக் கையில் எடுத்தது எப்போது? இந்தக் கேள்வியை ஒரு வெள்ளைக்கார அதிகாரி கேட்டிருந்தால் கதவு அறைந்து சாத்தப்பட்டிருக்கும். போதகர் கேட்டதால் சில வீடுகளிலாவது அது உள்ளே போனது.

ஊரிலும் நிலைமை வேறாக இல்லை. 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுக்காகச் சமோவாவில் 1,600-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசினார்கள். துணையோடு வாழ்ந்த பெண்களில் 46 சதவீதம் பேர் அந்தத் துணையிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருந்தார்கள். ஆய்வு நடந்த இடங்களில் இந்த அளவு ஜப்பானின் நகரத்தில் 15 சதவீதம், எத்தியோப்பியாவின் கிராமப்புறத்தில் 71 சதவீதம். சமோவா நடுவில்தான் நின்றது. வேறோர் அட்டவணையில்தான் அது உச்சியில் நின்றது: 15 வயதுக்குப் பின் கணவன் அல்லாத ஒருவரிடம் அடிபட்ட பெண்கள். ஐந்தில் மூன்று பேருக்கு மேல். அடித்தவர்களில் தந்தை, தாய், ஆசிரியர் எல்லாரும் இருந்தார்கள். அடி கல்யாணத்தில் தொடங்கவில்லை. அதற்குள் அவள் அதற்குப் பழகியிருந்தாள்.

2018-இல் சமோவாவின் முறைமன்ற நடுவர் மாயவா யுலாய் தோமா குடும்ப வன்முறை பற்றிய தேசியப் பொது விசாரணை அறிக்கையை வெளியிட்டார். ஓராண்டுக்கு முன்னால், 2017-இல்தான், அரசமைப்பைத் திருத்திச் சமோவா தன்னைக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்திருந்தது. கடவுள்மேல் அடித்தளமிட்ட நாடு என்பது அதன் அரசுச் சின்னத்தில் பொறித்த வாசகம். அந்த நாட்டில் அறிக்கை தேவாலயங்களையும் கிராம சபைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மேடையிலிருந்து பேசுங்கள், கிராமங்களில் குடும்பப் பாதுகாப்புக் குழு அமையுங்கள் என்றது.

அதற்குள் நியூஸிலாந்தில் வேலை தொடங்கியிருந்தது. 2012-இல் ஏழு தீவுச் சமூகங்கள் தங்கள் தங்கள் மொழியில், தங்கள் சொற்களில் வன்முறைக்கு எதிரான வழிகாட்டிகளை எழுதின. சமோவர்களின் வழிகாட்டி 'வா தபுயா' என்ற பழஞ்சொல்லை மையமாக எடுத்தது. இருவருக்கு இடையே இருக்கும் புனிதமான இடைவெளி என்று பொருள். அடிக்கும் கை முதலில் மீறுவது அந்த இடைவெளியை. மெர்சி ஆ சியு மாலிகோ என்ற சமோவ இறையியலாளர் 2016-இல் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் ஆய்வும் இதே திசையில் போனது: அன்பு, மரியாதை என்று சபையும் சமோவ மரபும் ஒருசேர உச்சரிக்கும் சொற்களைச் சபையின் முன் வைத்து, இவற்றின்படி நீ நடந்தாயா என்று கேட்பது. விசுவாசத்தைக் கழற்றிவிட்டு வா என்று அந்தப் பெண்களிடம் சொல்லும் சமூகப் பணியாளர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது. அதைக் கழற்றினால் அவளிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவள் கேட்பது, தன்னிடமிருந்து போதகருக்குப் போன அந்தப் பழைய இடத்தைப் போதகர் கையாலேயே திருப்பித் தர வேண்டும் என்பது. அவளுடைய மக்களின் மிகப் பெரிய சபையோ இன்றுவரை பெண்ணுக்குப் போதகர் பட்டம் தருவதில்லை.

கடைசியாக அந்தப் பாய். 'இஃபோங்கா' என்பது சமோவர்களின் மன்னிப்புச் சடங்கு. பெருங்குற்றம் நடந்தால் குற்றவாளியின் குடும்பம் விடியுமுன் பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலுக்குப் போய், மெல்லிய பாயைத் தலைமேல் போர்த்துக் குனிந்து உட்காரும். அடுப்புக் கற்களும் விறகும் இலையும் கொண்டுபோவார்கள்: எங்களைச் சமைத்தாலும் சரி. மணிக்கணக்கில் காக்கவைக்கலாம். உள்ளேயிருந்து ஒருவர் வந்து பாயை நீக்கினால் மன்னிப்பு கிடைத்தது என்று பொருள்.

2021 ஆகஸ்ட் 1 அன்று, 1970-களின் விடியற்காலைச் சோதனைகளுக்காக நியூஸிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் ஆக்லாந்து நகர மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளை நிறப் பெரும் பாய் ஒன்று அவர் தலைமேல் போர்த்தப்பட்டது. கதவு உடைபட்ட வீடுகளின் பிள்ளைகள், இப்போது நடுவயதைத் தாண்டியவர்கள், அழுதுகொண்டு பார்த்திருந்தார்கள். ஓர் அரசே குனிந்தது, பிறகு பாய் நீக்கப்பட்டது.

அந்தப் பாயைப் பெண்கள்தான் நெய்கிறார்கள். தாழை வகை ஓலையைச் சீவி, ஊறவைத்து, உலர்த்தி, நூல் போல் கிழித்துப் பின்னுவார்கள். நல்ல பாய் ஒன்றுக்குப் பல மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுகள். அடிபட்ட மனைவிக்காக அவள் கணவன் வீட்டார் இஃபோங்கா வரும்போதும் அவர்கள் போர்த்தி வருவது அதே பாயைத்தான். வழக்கப்படி வாசலுக்கு வந்து அதை நீக்குபவர் அவள் குடும்பத்து மாத்தாய். அவள் உள்ளே இருக்கிறாள்.

(தொடரும்)